வெற்றி வேற, அர்த்தம் வேற: கொடைக்கானல் மலைல இருந்து ஒரு எளிய விளக்கம்

பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடின்னு எங்க மலை ஊர்கள்ல பிளஸ் டூ முடிச்ச பசங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு வத்தலக்குண்டு பக்கம் இறங்குறாங்க, கோயமுத்தூரோ பெங்களூரோ போய் லைஃப்ல ஜெயிக்கணும்னு. அதே மலை ரோட்டுல எதிர்த்தாப்ல கார்ல ஏறி வர்றவங்க, பல வருஷம் ஐடில ஓடிட்டு, "சம்பாதிச்சது போதும், இனிமே அர்த்தமுள்ளதா ஏதாவது பண்ணணும்"னு இங்க அரை ஏக்கர் தேடி வர்றாங்க. ரெண்டு பேரோட ஏக்கமும் நிஜம்தான், ஆனா ரெண்டு பேரும் வெற்றியையும் அர்த்தத்தையும் ரெண்டு ஊர் மாதிரி நினைச்சிருக்காங்க, ஒண்ணு கீழ இருக்கு, இன்னொண்ணு மேல இருக்கு, வண்டி ஏறினா போய்ச் சேந்துடலாம்னு. இதைப் பத்தி டீக்கடைல இருந்து வாட்ஸ்அப் வரைக்கும் எல்லாரும் பேசுறாங்க, பேசுறப்ப எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க, அதனால முடிவெடுக்க வேண்டிய பசங்களும் குழம்பிப் போறாங்க. அதான் நிதானமா, ஆரம்பத்துல இருந்து எழுதலாம்னு தோணுச்சு.

மொதல்ல மூணையும் பிரிச்சு வச்சுக்கலாம்

நம்ம பேச்சுல மூணு விஷயம் கலந்து கிடக்கு. வெற்றிங்கிறது நாலு பேர் பாத்து அளக்கக்கூடியது: மார்க், சம்பளம், வீடு, பதவி, பேர். சந்தோஷம்ங்கிறது இப்ப மனசு எப்படி இருக்குங்கிறது, நல்லா இருக்கு, நல்லா இல்ல, அவ்வளவுதான். அர்த்தம்ங்கிறது நம்ம வாழ்க்கை ஒரு பொருட்டா இருக்கு, இது எங்கயோ போய்ச் சேருது, இதுல ஒரு தொடர்ச்சி இருக்குன்னு நமக்கே தோணுறது. மூணும் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் உதவி பண்ணும், ஆனா ஒண்ணு இருந்தா மத்த ரெண்டும் தானா வந்துடும்னு சொல்ல முடியாது. "நல்லா சம்பாதிக்கிறான், அவனுக்கு என்ன குறை"ன்னு கேக்குறப்பயும் "பணம் இருந்து என்ன, நிம்மதி இல்லையே"ன்னு சொல்றப்பயும் நம்ம ஒரு அளவுகோலை எடுத்து வேற எதையோ அளக்கப் பாக்குறோம்.

பூண்டு மூட்டையும் மண்டி ரேட்டும்

பூம்பாறைல விளையுற மலைப்பூண்டு வடுகபட்டி மண்டிக்குப் போகுது. அங்க அன்னைக்கு என்ன ரேட்டுங்கிறதை உங்க பூண்டு மட்டும் முடிவு பண்றது இல்ல, பக்கத்துல யார் எத்தனை மூட்டை இறக்கினாங்க, மத்தியப் பிரதேசத்துல இருந்து லோடு வந்துச்சா, வாங்குறவன் எத்தனை பேர் நிக்கிறான், இதெல்லாம் சேந்துதான் ரேட்டு. அதே பூண்டு, அதே மூட்டை, போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் வேற விலை. இப்ப அதே பூண்டுல ஒரு பிடியை விதைக்குன்னு எடுத்து வச்சு அடுத்த போகத்துக்கு ஊன்றோம்ல, அது முளைக்குமா, கெடாம நிக்குமாங்கிறது முழுக்க வேற கேள்வி. அந்தக் கேள்விக்கு மண்டில யார்கிட்டயும் பதில் கிடையாது, கேட்டாலும் புரியாது, ஏன்னா அவங்க அளக்குறதே வேற.

வெற்றி அந்த ரேட்டு மாதிரி. வெளிய இருந்து வரும், பக்கத்து மூட்டையோட ஒப்பிட்டுத்தான் வரும், மாறிக்கிட்டே இருக்கும். அதுக்காக ரேட்டு முக்கியம் இல்லன்னு யாரும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுறதும் கூட்டுறவு சொசைட்டில வாங்குன கடனை அடைக்கிறதும் ரேட்டை வச்சுத்தான், ரேட்டு விழுந்த வருஷம் வீட்டுல என்ன பாடுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ரேட்டைப் பாத்து விதையோட தரத்தைச் சொல்ல முடியாதுங்கிறதுதான் விஷயம். இந்த உதாரணம் ஒரு இடத்துக்கு மேல ஓடாது, அதையும் சொல்லிடுறேன்: பூண்டோட தரம் பூண்டுக்குள்ளயே இருக்கு, மனுஷனோட அர்த்தம் அவனுக்குள்ள மட்டும் இல்ல, அவனுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுலதான் பெரும்பாலும் உருவாகுது.

வெற்றி ஏன் நிக்க மாட்டேங்குது

வெற்றிக்கு ஒரு சிக்கல் இருக்கு, அது ஒரு இலக்கு, இலக்கைத் தொட்டா முடிஞ்சுபோச்சு. மெடிக்கல் சீட்டு கிடைக்கணும்னு ரெண்டு வருஷம் தூங்காமப் படிச்ச பொண்ணுக்குச் சீட்டு கிடைச்ச அன்னைக்கு வானத்துல மிதக்குற மாதிரி இருக்கும், ஆறு மாசம் கழிச்சு அது வெறும் காலேஜ், காலைல எட்டு மணி கிளாஸ், சக பசங்க எல்லாருமே அந்த சீட்டை வாங்கினவங்கதான், அதனால அளவுகோலும் மேல ஏறிடும். புதுசா வந்த நல்லது கொஞ்ச நாள்ல சாதாரணமாப் போறதை மனோதத்துவக்காரங்க ஹெடானிக் அடாப்டேஷன்னு சொல்றாங்க, நம்ம பாஷைல பழகிப்போறதுன்னு வச்சுக்கலாம்.

இதுக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுறது 1978ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு. பிரிக்மன்னு ஒருத்தரும் அவர் கூட ரெண்டு பேரும் சேந்து இல்லினாய் மாநிலத்துல லாட்டரில பெரிய தொகை விழுந்த 22 பேரைக் கேட்டாங்க, மத்தவங்களை விட அவங்க பெருசா சந்தோஷமா இல்ல, டிவி பாக்குறது, காலைச் சாப்பாடு, ஃபிரெண்டுகூடப் பேசுறது மாதிரி அன்றாட விஷயங்கள்ல அவங்களுக்குக் கிடைச்ச இன்பம் குறைவாவே இருந்துச்சு. இதை வச்சு "பணத்தால ஒண்ணும் இல்ல"ன்னு மேடைல பேசுறவங்க நிறைய, அது நியாயம் இல்ல. 22 பேர்ங்கிறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பின்னாடி ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான லாட்டரிக்காரங்களை வச்சு 2020ல வந்த ஆய்வுல, பெரிய பரிசு விழுந்தவங்களுக்கு வாழ்க்கை மேல இருக்குற திருப்தி பத்து வருஷத்துக்கு மேலயும் கூடுதலாவே இருந்துச்சு. பணம் கவலையைக் குறைக்கும், அது பெரிய விஷயம். அன்னாடப் பொழப்புக்கே அல்லாடுற குடும்பத்துக்கு முன்னாடி நின்னு பணம் முக்கியமில்லன்னு சொல்றது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

ஆனா எந்த மாதிரி இலக்கைப் பிடிக்கிறோம்ங்கிறதுல வித்தியாசம் இருக்கு. நீமிக், ரயன், டெசின்னு மூணு பேர் 2009ல வெளியிட்ட ஆய்வு, காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன பசங்களைத் தொடர்ந்து பாத்தது. பணம், பேர், தோற்றம்னு வெளிப் பக்கம் பாத்த இலக்குகளை அடைஞ்சவங்களுக்கு மனநலம் அதனால கூடலை, பதட்டம் மாதிரி விஷயங்களோடதான் அது சேந்து போச்சு. தன்னை வளத்துக்கிறது, நெருக்கமான உறவு, ஊருக்கு உபயோகமா இருக்குறதுன்னு இலக்கு வச்சு அதை எட்டினவங்களுக்கு மனநலம் கூடுச்சு. ரெண்டு கூட்டமும் ஜெயிச்சவங்கதான், கவனிங்க. எதுல ஜெயிச்சாங்கங்கிறதுலதான் வித்தியாசம்.

இதுவரைக்கும் பாத்தது: வெற்றியை அடுத்தவங்க அளக்குறாங்க, அது ஒப்பிட்டு வருது, எட்டினதும் பழகிப்போகுது. அது தேவை, ஆனா வாழ்க்கை மொத்தத்தையும் அது தாங்காது.

அர்த்தம் எதுல இருந்து வருது

மார்ட்டெலா, ஸ்டெகர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2016ல அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கோத்து, அர்த்தத்துல மூணு பங்கு இருக்குன்னு எழுதினாங்க. ஒண்ணு கோர்வை: எனக்கு நடக்குறது எனக்குப் புரியுது, நேத்து நான், இன்னைக்கு நான், நாளைக்கு நான் எல்லாம் ஒரே கதையா இருக்கு. ரெண்டாவது நோக்கம்: எதையோ நோக்கி நடக்குறேன். மூணாவது பொருட்டு: நான் இருக்குறதும் இல்லாததும் யாருக்கோ எதுக்கோ வித்தியாசம் பண்ணும். இதுல நோக்கத்தைப் பத்தி மட்டும்தான் எல்லா மோட்டிவேஷன் பேச்சாளர்களும் கத்துறாங்க, மத்த ரெண்டை விட்டுடுறாங்க, அதனாலதான் பசங்க "எனக்கு ஒரு நோக்கம் கிடைக்கலையே"ன்னு அழுறாங்க. மூணாவது பங்குதான் பலமானதுன்னு எனக்குப் படுது.

இதைப் புரிஞ்சுக்க எங்க ஊர்லயே ஒரு நல்ல இடம் இருக்கு. பூம்பாறை போற வழில அப்சர்வேட்டரின்னு சொல்றோம்ல, 1899ல ஆரம்பிச்ச சூரிய ஆய்வுக்கூடம், கடல் மட்டத்துல இருந்து 2,343 மீட்டர் உயரம். தாது வருஷப் பஞ்சத்துல (1876-78) லட்சக்கணக்கான ஜனங்க செத்ததுக்கு அப்புறம், சூரியனோட போக்குக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்ங்கிற தேவைதான் அது வர்றதுக்கு ஒரு முக்கியக் காரணம். அங்க வேலை பாத்த ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரில சூரியப் புள்ளிகள்ல, அதாவது சூரியன் மேல கருப்பாத் தெரியுற இடங்கள்ல, வாயு நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சாரு, அதுக்கு இன்னைக்கும் உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவுன்னுதான் பேர், அவரே பின்னாடி அந்த ஆய்வுக்கூடத்துக்கு டைரக்டரா இருந்தாரு. இது வெற்றி, யாரும் மறுக்க முடியாது.

ஆனா அதே கட்டடத்துல இன்னொரு வேலையும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. மேகம் இல்லாத நாள்ல எல்லாம் சூரியனை ஒரு போட்டோ எடுத்து வைக்கிறது. 1904ல இருந்து. மார்கழி பனில, கை விரைக்கிற காலைல போய்க் கருவியைத் திறந்து, எடுத்து, தேதி போட்டு, பத்திரமா வைக்கணும், மறுநாளும் அதே. ஒரு தனிப் போட்டோவால எதுவும் தெரியாது, அதை எடுத்தவருக்குப் பரிசு இல்ல, பேர் இல்ல, எவர்ஷெட் மாதிரி ஒரு விளைவுக்கு அவர் பேரை வைக்கப் போறதும் இல்ல. சூரியப் புள்ளிகள் கூடிக் குறையுறதுக்கு ஏறக்குறைய 11 வருஷம் ஆகுது, அப்ப அதோட நடத்தையைப் பாக்கணும்னா பல தலைமுறை எடுத்த போட்டோ வரிசையா இருக்கணும். நூறு வருஷத்துக்கு மேல சேந்த அந்த வரிசையை இப்ப டிஜிட்டல் பண்ணி வச்சிருக்காங்க, உலகத்துல இவ்வளவு நீளமான சூரியப் பதிவு வச்சிருக்குற இடங்கள் ரொம்பக் கம்மி.

இப்ப மூணு பங்கையும் அந்தப் பேர் தெரியாத ஆள் மேல வச்சுப் பாருங்க. கோர்வை இருக்கு, நேத்து எடுத்ததோட தொடர்ச்சிதான் இன்னைக்கு எடுக்குறது. நோக்கம் இருக்கு, அது அவர் ஆயுசை விடப் பெருசு. பொருட்டு இருக்கு, அவர் போகாத நாள்ல ஒரு ஓட்டை விழும், அதை யாராலயும் பின்னாடி போய் அடைக்க முடியாது. வெற்றிக் கணக்குல அவர் ஒரு சாதாரண ஊழியர், அவ்வளவுதான். அர்த்தக் கணக்குல அவர் எங்க நிக்கிறாருன்னு நீங்களே பாருங்க. ஆனா ஒண்ணு, அந்தப் போட்டோ எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியலைன்னா அது வெறும் தினக்கூலி வேலையாவே இருந்திருக்கும். அதிகாரிங்க இதைக் கவனிக்கணும், வேலை குடுக்குறப்ப எதுக்குன்னு சொல்லாமக் குடுக்குறது ஒரு மனுஷன்கிட்ட இருந்து பெரிய ஒண்ணைப் பிடுங்கிக்கிறது.

சின்னதா ஒரு ரீகேப்: கோர்வை, நோக்கம், பொருட்டு, இந்த மூணும் சேந்ததுதான் அர்த்தம். வெற்றி இருந்தாலும் இது இருக்கலாம் (எவர்ஷெட்), வெற்றி இல்லாமலும் இருக்கலாம் (போட்டோ எடுத்தவர்).

அர்த்தம் எப்பவும் சுகமா இருக்காது

இது பலபேருக்கு அதிர்ச்சியா இருக்கும். பாமைஸ்டர்ங்கிற மனோதத்துவக்காரரும் அவர் கூட இருந்தவங்களும் 2013ல அமெரிக்காவுல ஏறக்குறைய 400 பேரை வச்சு, சந்தோஷமும் அர்த்தமும் எங்க பிரியுதுன்னு பாத்தாங்க. தேவைக்குப் பணம் இருக்குறது சந்தோஷத்தோட சேந்து போச்சு, அர்த்தத்தோட பெருசா சேரலை. அடுத்தவங்களுக்குக் குடுக்குறது அர்த்தத்தோட சேந்துச்சு. கவலை, டென்ஷன், பிள்ளைகளைப் பாத்துக்குறது இதெல்லாமும் அர்த்தம் கூட இருக்குறவங்ககிட்டதான் கூட இருந்துச்சு. நேத்தையும் நாளையும் நெனச்சுப் பாக்குறவங்களுக்கு அர்த்தம் கூட, இந்த நிமிஷத்துலயே இருக்குறவங்களுக்குச் சந்தோஷம் கூட. இது கேள்வி கேட்டு எடுத்த கணக்கு, எது எதுக்குக் காரணம்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனாலும் வீட்டுல படுத்த படுக்கையா இருக்குற அம்மாவைப் பாத்துக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, சந்தோஷமா இருக்கியான்னா இல்லம்பாங்க, இது வீண்னு தோணுதான்னு கேட்டா கோவம் வரும்.

அதனால "நான் நிம்மதியா இல்ல, அப்ப என் வாழ்க்கைல அர்த்தம் இல்ல"ங்கிற கணக்கு தப்பு. உங்களுக்குப் பாரமா இருக்குற ஒண்ணுதான் உங்க வாழ்க்கைக்கு எலும்பாவும் இருக்கலாம். எல்லா பாரமும் அப்படி இல்ல, அதையும் சேத்துச் சொல்லணும், அடிக்கிற புருஷனைச் சகிச்சுக்கிறது, சம்பளம் குடுக்காத முதலாளிகிட்டக் கிடக்குறது, இதுக்கெல்லாம் அர்த்தம்னு பேர் வச்சு ஒருத்தரைக் கட்டிப்போடக் கூடாது.

பொதுவா தப்பாப் புரிஞ்சுக்குற இடங்கள்

ஏழைங்க வாழ்க்கைதான் அர்த்தமுள்ளதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ஓய்ஷி, டீனர்னு ரெண்டு பேர் 2014ல 132 நாடுகளோட கணக்கை எடுத்துப் பாத்தப்ப, ஏழை நாடுகள்ல "என் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கு"ன்னு சொன்னவங்க நிஜமாவே அதிகம், மத நம்பிக்கை அங்க கூட இருந்தது அதுக்கு ஒரு பெரிய காரணம்னு அவங்க காட்டினாங்க. ஆனா வாழ்க்கை மேல திருப்தி பணக்கார நாடுகள்லதான் கூட. அப்ப வறுமை நல்லதுன்னு இதுல யாரும் சொல்லலை, பணம் ஏறுறப்ப அதோட சேந்து கோயில், உறவு, ஊர்க்கூட்டம்னு ஆளை ஆளோட கட்டி வச்சிருந்ததெல்லாம் அறுந்துபோகாமப் பாத்துக்கணும்னுதான் எனக்குப் புரியுது.

இன்னொண்ணு, பெரிய சேவை பண்றவங்களுக்குத்தான் அர்த்தம், மத்தவங்களுக்கு வெறும் வேலைங்கிறது. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரில துப்புரவு வேலை பாக்குறவங்ககிட்டப் பேசினாங்க, 2001ல அதைப் பத்தி எழுதினாங்க. ஒரே சம்பளம், ஒரே வேலை, ஆனா ஒரு பகுதி பேர் நான் கூட்டுறேன் துடைக்கிறேன்னு சொன்னாங்க, இன்னொரு பகுதி பேர் நோயாளி குணமாகுறதுல எனக்கும் பங்கு இருக்குன்னு நினைச்சு, தனியாக் கிடக்குறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசி, அவங்களே தங்களோட வேலையைக் கொஞ்சம் விரிச்சுக்கிட்டாங்க. கவுஞ்சி, மன்னவனூர் ரூட்ல பஸ் ஓட்டுற டிரைவர் அண்ணன்கள்ல இதைப் பாக்கலாம், வழக்கமா ஏறுற பாட்டி இன்னைக்கு ஸ்டாப்புல இல்லன்னா ஒரு நிமிஷம் நிறுத்தி ஹாரன் அடிச்சுப் பாக்குறவங்க இருக்காங்க. அதுக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

கடைசியா, தோத்துப்போனா அர்த்தம் போச்சுன்னு நினைக்கிறது. கீழ்மலைல ஒரு காலத்துல விருப்பாச்சி மலைவாழைதான் எல்லாம், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற வாழை. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சுது, பல குடும்பம் காபி, மிளகுன்னு மாறிட்டாங்க. அதுலயும் சிலபேர் நோயில்லாத கன்னு தேடி, திரும்பத் திரும்ப நட்டு, அந்த ரகத்தை விடாம வச்சிருந்தாங்க, 2008ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, அதாவது இந்த மண்ணுல விளையுற இந்த ரகத்துக்கு மட்டும்தான் இந்தப் பேர்ங்கிற சட்டப் பாதுகாப்பு. குறியீடு கிடைக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போன விவசாயியோட வாழ்க்கையை என்ன சொல்றது? ரேட்டுக் கணக்குல அவர் நஷ்டப்பட்டவர். நான் அவரைத் தோத்தவர்னு சொல்ல மாட்டேன்.

சரி, நம்ம எங்க இருக்கோம்னு எப்படிப் பாக்குறது

மேல சொன்ன ஸ்டெகரும் அவர் கூட இருந்தவங்களும் 2006ல பத்துக் கேள்வி வச்ச ஒரு வினாத்தாள் போட்டாங்க, அதுல பாதிக் கேள்வி இப்ப அர்த்தம் இருக்கான்னு, பாதிக் கேள்வி அர்த்தத்தைத் தேடுறீங்களான்னு. ரெண்டையும் தனித்தனியா அளந்தது நல்ல யோசனை, ஏன்னா தேடுறவங்க எல்லாம் வெறுங்கையோட இருக்காங்கன்னு இல்ல, இருக்குறவங்களும் தேடுவாங்க. வினாத்தாள் இல்லாமலே ஒரு பேப்பர்ல எழுதிப் பாக்கலாம்: நான் இல்லன்னா யாருக்கு என்ன குறையும், பத்து வருஷம் கழிச்சும் தொடரணும்னு நான் நினைக்கிறது எது, இப்ப ஓடுற ஓட்டத்தை யாரும் பாக்கலைன்னாலும் ஓடுவேனா.

மலைக்கு வர்றவங்க ஹோம்ஸ்டேக்காரங்ககிட்ட "அண்ணே, உங்களுக்கு என்ன, இங்க நிம்மதியா இருக்கீங்க"ன்னு சொல்றதை நிறையக் கேக்கலாம், அவரும் சிரிச்சுட்டு, "தம்பி, சீசன் முடிஞ்சு வந்து பாருங்க"ம்பாரு. அந்தப் பதில்ல ஒரு நல்ல வழி இருக்கு. வேலையை விட்டுட்டு வரலாமான்னு யோசிக்கிறவங்க நிலத்தை வாங்குறதுக்கு முன்னாடி ஐப்பசி, கார்த்திகை மழைல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்க. கரண்டு போகும், டவர் கிடைக்காது, டூரிஸ்ட் கம்மி, பாக்குறதுக்குப் பனி மட்டும்தான். அந்த ரெண்டு மாசத்துல உங்களை யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டாங்களா, நீங்க யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா, அரசுப் பள்ளிப் பிள்ளைங்க யாராவது சாயங்காலம் கணக்குப் பாடம் கேக்க வந்தாங்களா. அப்படி எதுவும் நடக்கலைன்னா பெங்களூர்ல உங்க அபார்ட்மெண்ட்லயே, உங்க டீம்ல புதுசாச் சேந்த பையன்கிட்டயே அதை ஆரம்பிக்க முடியுமான்னு பாருங்க, செலவும் கம்மி. கீழ போற எங்க பசங்களுக்கும் இதேதான்: போங்க, நல்லாச் சம்பாதிங்க, வீட்டுக் கடனை அடைங்க. கூடவே, போன மொத மாசத்துலயே உங்களைத் தேடுற ரெண்டு பேரையாவது அந்த ஊர்ல சம்பாதிச்சு வச்சுக்குங்க.